பழைய முக்காலியைப் புதுப்பிக்கும் முறை: நெல்லை வீட்டுக்கும் நெல்லைக் காற்றுக்கும் ஏற்ற வழி

நெல்லைச் சீமையின் பழைய வீடுகளில் மரச்சாமான்களுக்கு ஒரு பயணப் பாதை உண்டு. பட்டாசல் என்னும் கூடத்தில் விருந்தாளி உட்காரும் முக்காலியாகத் தொடங்கிய ஒன்று, மேல் பூச்சு உரிந்ததும் இரண்டாம் கட்டுக்குப் போகும். கால் ஆடத் தொடங்கியதும் அடுக்களையில் எண்ணெய்ச் சட்டி வைக்கும் பலகையாகும். பிறகு புறவாசலில் குடம் தாங்கி நின்று மழையில் நனைந்து, கடைசியில் வெந்நீர் அடுப்புக்குள் போய்விடும். புறவாசல் வரை வந்துவிட்ட அப்படியொரு சிறு சாமானைத் திரும்பப் பட்டாசலுக்குக் கொண்டுவருவது எப்படி என்பதை, இதற்கு முன் உப்புத்தாளைக் கையில் எடுத்திராதவருக்கும் புரியும்படி இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக ஒரு மர முக்காலியையே எடுத்துக்கொள்கிறேன். நான்கு கால் இருந்தாலும் எங்கள் பக்கம் அதற்கு முக்காலி என்றுதான் பெயர். அதை ஸ்டூல் என்று வாசித்துக்கொள்வோர் அப்படியே வாசிக்கலாம்.

எதை எடுப்பது, எதை விடுவது

முதல் முறை செய்பவர் மேசையையோ அலமாரியையோ தொட வேண்டாம். ஒரே கையால் தூக்கிப் புரட்டக்கூடிய பொருளே கற்றுக்கொள்ள ஏற்றது. அது திட மரமாக இருக்க வேண்டும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஒருமுறை தண்ணீர் குடித்து வீங்கிவிட்டால் எந்தப் பூச்சாலும் அதைச் சரிசெய்ய முடியாது. வேம்பு, பூவரசு, பலா, தேக்கு ஆகியவற்றில் எதுவாக இருந்தாலும் நல்லதே. தேக்காக இருந்தால் மட்டும் அதன் மேல் எனாமல் பூசி மறைத்துவிடாமல் பாலிஷ் செய்யுங்கள். தேக்கின் வரியை மூடியவரை வீட்டுப் பெரியவர்கள் லேசில் மன்னிக்க மாட்டார்கள்.

உளுத்திருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. முக்காலியை ஒரு கறுப்புத் தாளின் மேல் இரவு முழுவதும் வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். மாவு போன்ற தூள் உதிர்ந்திருந்தால் உள்ளே வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள்; அதற்கு மருந்து வைக்காமல் பூசுவது வீண் வேலை. கரையான் அரித்த கால், சுத்தியலின் பிடியால் தட்டினால் பொத்தென்று ஒலிக்கும். அத்தகைய காலை மாற்றும் திறமை தச்சருக்கே உண்டு, ஆகவே அந்த முக்காலியை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுவதே நல்லது.

வாங்க வேண்டியவை

புதியவர்கள் செய்யும் முதல் தவறு, கடைக்குப் போனதும் வண்ண அட்டையைப் புரட்டுவது. பெயிண்டைக் கடைசியாக வாங்குங்கள். முதலில் வேண்டியது 80, 120, 220 ஆகிய எண்களில் உப்புத்தாள், எண்ணுக்கு இரண்டு தாள் வீதம். எண் குறையக் குறையச் சொரசொரப்பு கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பெயிண்ட் இருந்தால் தண்ணீர் தொட்டுத் தேய்க்கக்கூடிய வாட்டர் பேப்பரும் இரண்டு வேண்டும். சிறிய ஃபெவிக்கால் புட்டி ஒன்று, மரத்துக்கான பிரைமர் என்னும் அடிப்பூச்சு, ஒரு அங்குல பிரஷ் ஒன்று, இரண்டு அங்குல பிரஷ் ஒன்று, அரை லிட்டர் டர்பன்டைன், பழைய வேட்டித் துணி ஆகியவை மற்றவை.

எனாமல் எவ்வளவு வேண்டும் என்பதை வீட்டிலேயே கணக்குப் போட்டுவிடலாம். ஓர் அடிச் சதுரப் பலகையும் ஒன்றரை அடி உயரத்தில் ஒன்றரை அங்குலத் தடிமன் கொண்ட நான்கு கால்களும் குறுக்குச் சட்டங்களும் உள்ள முக்காலியின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ ஆறரை சதுர அடிதான் வரும். இரண்டு கைக்கு, அதாவது இரண்டு முறை பூச, 13 சதுர அடி. ஒரு லிட்டர் எனாமல் ஒரு கைக்குச் சுமார் 100 சதுர அடி பிடிக்கும் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், 200 மில்லி டப்பா வாங்கினால் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். கடைக்காரர் ஒரு லிட்டர் டப்பாவை நீட்டினால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். வீட்டில் ஏற்கெனவே சுத்தியலும் திருப்புளியும் இருந்தால் செலவு பெரும்பாலும் 500 ரூபாயைச் சுற்றியே நிற்கும்.

காற்றும் காலமும்

வேறு ஊருக்காக எழுதப்பட்ட குறிப்புகள் நமக்கு முழுமையாகப் பொருந்தாமல் போகும் இடம் இதுதான். ஆனி, ஆடி மாதங்களில் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் குற்றாலச் சாரலால் காற்றில் எந்நேரமும் ஈரம் இருக்கும். அதே நாட்களில் பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலி டவுனிலும் மழையே இல்லாமல் மண்ணை வாரிக்கொண்டு மேல்காற்று அடிக்கும். 2019இல் தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்ததற்கு முன்பும் இந்த இரு பகுதிகளின் வானிலை தனித்தனிதான். சாரல் பக்கம் இருப்பவர் அந்த மாதங்களில் பாலிஷ் வேலையை எடுக்க வேண்டாம். காற்றுப் பக்கம் இருப்பவர் பெயிண்டை வீட்டுக்குள், விடியற்காலையில், காற்று எழும் முன் பூச வேண்டும். நான் முதன்முதலில் பூசிய முக்காலியை ஆடி மாதத்தில் தட்டட்டியில், அதாவது மொட்டைமாடியில், காயவைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது அது பச்சை எனாமல் பூசிய உப்புத்தாளைப் போல் இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. சித்திரை வெயிலில் பெயிண்ட் பரவுவதற்குள் இறுகி, பிரஷ் போன தடம் அப்படியே நின்றுவிடும். ஆகவே தை, மாசி, பங்குனி மாதங்களே தொடக்கக்காரருக்கு ஏற்றவை.

உவரி, கூடங்குளம் போன்ற கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். உப்புக்காற்றில் இரும்பு ஆணி சீக்கிரமே துருப்பிடித்து, பூச்சின் வழியாகப் பழுப்புக் கறையாக வெளிவரும். பித்தளைத் திருகாணியோ எவர்சில்வர் திருகாணியோ வாங்குவது சற்றே கூடுதல் செலவு, ஆனால் ஒருமுறைச் செலவு.

கழுவுவதும் காலை இறுக்குவதும்

வெந்நீரில் சோப்புத்தூள் கரைத்து, துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள்; முக்காலியைத் தண்ணீரில் முக்கக் கூடாது. பிறகு நிழலில் ஒரு நாள் உலர விடுங்கள். ஈர மரத்தை நேராக வெயிலில் வைத்தால் பலகை வளையும், இணைப்பு வாய் திறக்கும்.

அடுக்களையில் இருந்த சாமானுக்கு இது போதாது. எண்ணெய் குடித்த மரத்தில் பெயிண்ட் ஒட்டாது, ஒட்டியது போல் சில வாரம் ஏமாற்றிவிட்டுப் பிறகு பொரித்த அப்பளத்தின் கொப்புளம் போலக் கிளம்பும். டர்பன்டைன் தொட்ட துணியால் துடையுங்கள். துணியில் அழுக்கு ஏறுவது நிற்கும்வரை துணியை மாற்றி மாற்றித் துடையுங்கள். பின்னர் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு முத்துப்போல் திரண்டு நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது; மெல்லப் பரவி மரத்தில் இறங்கினால் வேலையைத் தொடரலாம். பளபளப்புக்காகவோ பூச்சிக்காகவோ தேங்காய் எண்ணெயையும் வேப்பெண்ணெயையும் மரத்தில் தேய்ப்பது பலர் வீட்டு வழக்கம். இவ்விரண்டும் காய்ந்து இறுகும் இயல்பில்லாத எண்ணெய்கள்; தூசியைப் பிடித்துவைத்துக்கொண்டு பிசுபிசுவென்றே இருக்கும். பூச நினைக்கும் மரத்தில் இவற்றைத் தடவவே கூடாது.

கால் ஆடினால் மேலிருந்து ஆணி அடிப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வைத்தியம். ஆணி மரத்தைப் பிளக்குமே தவிர, ஆட்டத்தை நிறுத்தாது. இணைப்பைக் கையால் மெல்ல அசைத்துக் கழற்றி, பழைய பசையை உளியாலோ மழுங்கிய கத்தியாலோ மரம் தெரியும்வரை சுரண்டி எடுங்கள். பழைய பசையின் மேல் புதுப் பசை பிடிக்காது. ஃபெவிக்காலை இரு பக்கமும் தடவிப் பொருத்தியதும், நான்கு கால்களையும் சுற்றி ஒரு தளர்ந்த கயிற்றுக் கட்டுப் போட்டு, கயிற்றுக்குள் ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள். முறுக்க முறுக்கக் கால்கள் உள்நோக்கி இறுகும். குச்சி திரும்பிவிடாதபடி குறுக்குச் சட்டத்தில் மாட்டிவிட்டு, வழியும் பசையை ஈரத்துணியால் உடனே துடைத்து, ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள். இதற்கெனக் கடையில் விற்கும் இரும்புக் கிளாம்பு செய்யும் வேலையை ஆறு முழக் கயிறு செய்துவிடும்.

பிறகும் முக்காலி தள்ளாடினால் ஏதோ ஒரு கால் குட்டை. நெட்டையான கால்களை அறுக்கத் தொடங்கினால் முக்காலி மணையாகத்தான் போய் முடியும். குட்டைக் காலுக்கு அடியில் பழைய ரப்பர் செருப்பில் வெட்டிய துண்டை ஒட்டுங்கள். மற்ற மூன்றுக்கும் அதைவிட மெல்லியதாக ஒட்டினால், தரையைக் கழுவும்போது கால்கள் தண்ணீரை உறிஞ்சுவதும் நிற்கும்.

தேய்ப்பு

மொத்த வேலையில் பாதிக்கு மேல் இதுதான்; முடிந்த சாமானின் அழகும் இதில்தான் இருக்கிறது. முதலில் ஓர் எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்றே வைத்துக்கொண்டு, உலர்ந்த தாளால் தேய்த்துத் தூள் பறக்கவிடாமல், வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் தொட்டுத் தேயுங்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் வரவிடாதீர்கள். வழிந்த சேற்றைச் செய்தித்தாளில் வழித்துச் சுருட்டி அப்புறப்படுத்துங்கள். பழைய பூச்சு உறுதியாக ஒட்டியிருந்தால் மரம் தெரியும்வரை போக வேண்டியதே இல்லை. பளபளப்பு போய் மங்கலானாலே புதுப் பூச்சு பிடித்துக்கொள்ளும்.

வெறும் மரமானால் 80இல் தொடங்கி, 120க்குப் போய், 220இல் முடியுங்கள். தாளை விரலால் பிடித்துத் தேய்த்தால் விரல் பதிந்த இடம் பள்ளமாகும். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய மரக்கட்டையில் தாளைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள். மரத்தின் வரி ஓடும் திசையிலேயே கை ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் விழும் கீறல் அப்போது கண்ணுக்குத் தெரியாது, பாலிஷ் ஏறிய பிறகு பூனை பிறாண்டியது போல் தெரியும். கால்களின் விளிம்பில் கை மெதுவாக இருக்கட்டும், ஏனெனில் அங்கேதான் அதிகம் தேய்ந்து கூர்மை போய்விடும். எங்கள் தெருவில் வேலை செய்துவந்த ஒரு முதிய தச்சர் என் தேய்ப்பைப் பார்த்துவிட்டு, "கண்ணை நம்பாதிய தம்பி, கண்ணை மூடிக்கிட்டு உள்ளங்கையால தடவிப் பாருங்க" என்றார். தடவினேன், நான் முடிந்துவிட்டதாக நினைத்திருந்த பலகையில் ஏழெட்டு மேடுகளைக் கை கண்டுபிடித்தது. அன்றிலிருந்து நான் 220ஐ மடித்து வைப்பது கண்ணை மூடிப் பார்த்த பிறகுதான்.

பட்டி, பிரைமர், எனாமல்

ஆணித் துளைகளையும் சிறு வெடிப்புகளையும் அடைக்க, தேய்த்தபோது உதிர்ந்த மரத்தூளை ஃபெவிக்காலில் குழைத்து வைத்தால் போதும். இந்தக் குழைவு எனாமலுக்கு மட்டுமே. பாலிஷ் செய்யும் பரப்பில் பசை பட்ட இடம் நிறம் ஏற்காமல் வெளிறித் தெரியும். பட்டி சற்றுப் புடைத்திருக்கும்படி வைத்து, காய்ந்ததும் மட்டமாகத் தேயுங்கள்.

மரத்துக்கு மர பிரைமர், இரும்புக்கு ரெட் ஆக்சைடு. இரண்டையும் மாற்றிவிடக் கூடாது. பிரைமர் ஒரு கை பூசி, ஓர் இரவு கழித்து 220ஆல் லேசாகத் தேய்த்து, தூளைத் துடைத்த பிறகே எனாமல். டப்பாவை ஆட்டினால் போதாது. அடியில் படிந்த நிறம் மேலே வரும்வரை தட்டையான குச்சியால் கிண்டுங்கள். பிரஷை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நனைக்க வேண்டாம். முக்காலியைத் தலைகீழாக வைத்து முதலில் கால்களையும் அடிப்பகுதியையும் பூசி, நிமிர்த்திய பின் மேற்பலகையைப் பூசுங்கள். ஒரே கையில் மூடிவிட வேண்டும் என்ற ஆசையில் கெட்டியாகப் பூசினால் கால் வழியே வடிந்து கண்ணீர்த் தடம் போல் உறையும். மெல்லியதாக இரண்டு கை, இடையில் ஓர் இரவு என்பதே முறை.

பாலிஷ்

தேக்குக்கும் நல்ல வரியுள்ள பலாவுக்கும் அவலரக்குப் பாலிஷ் அழகு. கடையில் செல்லாக் என்றும் கேட்கலாம். 100 மில்லி பாலிஷ் ஸ்பிரிட்டில் 20 முதல் 25 கிராம் அரக்கைப் போட்டு, கண்ணாடிப் பாட்டிலில் ஓர் இரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். இரும்பு டப்பாவில் வைத்தால் கறுக்கும். பஞ்சை வேட்டித் துணியில் பொதிந்து பந்தாக்கி, அதில் தொட்டு, வரியோடு ஒரே ஓட்டமாக இழுங்கள். இழுத்த இடத்துக்கு உடனே திரும்பாதீர்கள். அரை மணிக்கு ஒரு கை வீதம் ஐந்தாறு கை போடலாம். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, ஈரம் படிந்து வெள்ளைப் படலம் கட்டும். சாரல் காலத்தில் வேண்டாம் என்று முன்பே சொன்னது இதனால்தான். இந்த ஸ்பிரிட் நஞ்சு, எளிதில் தீப்பற்றும். அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில்தான் திறக்க வேண்டும். சூடான காபித் தம்ளர் வைத்தால் அரக்கில் வளையம் விழும் என்பதால், டீப்பாய்க்கு வார்னிஷே மேல்.

பத்தமடைப் பாயில் ஓர் இருக்கை

எங்கள் பகுதிக்கே உரிய ஒரு வேலைப்பாட்டை இங்கே சேர்க்கிறேன். திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் சாலையில் உள்ள பத்தமடையில் கோரையைக் கீறி, பருத்தி நூல் பாவில் நெய்யும் பாய், துணிபோல் மடிக்கலாம் என்னும் அளவுக்கு மென்மையானது. கல்யாணச் சீராக வந்த பாய் பல வீடுகளில் ஓரம் நைந்து பரணில் கிடக்கும். ஓரம் நைந்தாலும் நடுப்பகுதி பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும். ஒரு முக்காலிக்கு ஓர் அடிச் சதுரம் போதும். நல்ல பாயை இதற்காக வெட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பாய் ஒட்ட நினைத்தால் மேற்பலகையின் நடுவில் எனாமல் பூசாமல் வெறும் மரமாக விட்டுவைக்க வேண்டும், ஏனெனில் ஃபெவிக்கால் மரத்தைப் பிடிப்பது போல் எனாமலைப் பிடிக்காது. பாயைப் பலகையில் விரித்து, கோடுகள் விளிம்புக்கு இணையாக வரும்படி நகர்த்தி, பென்சிலால் குறியுங்கள். உடனே கத்தரிக்கோலை எடுத்தால் பாவு நூல் பிரிந்து கோரை உதிரும். குறித்த கோட்டின் மேல் ஒரு விரல் அகலத்துக்கு, சிறிது தண்ணீர் கலந்த ஃபெவிக்காலைத் தடவி முழுவதும் காயவிட்டு, அந்தப் பசைப் பட்டையின் நடுவிலேயே வெட்டுங்கள். பலகையில் பசையை பழைய ஏடிஎம் அட்டையால் சீவிப் பரப்புங்கள். கெட்டியாக இருந்தால் பசை கோரை இடுக்குகளின் வழியே மேலே ஊறி மினுமினுக்கும். பாயை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவி ஒட்டி, மேலே காகிதமும் பலகையும் வைத்து, அம்மிக்கல்லை ஏற்றி ஓர் இரவு விடுங்கள்.

ஓரத்தை மடித்து அடியில் ஆணி அடிக்கலாமே என்று தோன்றும். கூரிய விளிம்பில் மடிந்த கோரை உட்கார்ந்து எழும் உராய்வில் சில மாதங்களில் ஒடிந்துவிடும். அதற்குப் பதில் பீடிங் எனப்படும் அரை அங்குல மரச் சட்டத்தை மூலைகளில் சாய்வாக அறுத்துச் சுற்றிலும் பொருத்தி, ஆணிக்கு முன்பே சிறு துளை போட்டு, மெல்லிய ஆணியால் அடியுங்கள். துளை போடாமல் அடித்தால் பீடிங் பிளந்துவிடும். இந்த இருக்கையைத் துடைக்க உலர்ந்த துணியே போதும். ஈரம் பட்டால் கோரையின் சாயம் கசியக்கூடும்.

சிறு இழுப்பறை உள்ள பெட்டியைப் புதுப்பிப்பவர், மரச்சொப்புக்குப் பெயர்பெற்ற அம்பாசமுத்திரம் பக்கம் போனால் கடைசல் பட்டறையில் கைப்பிடிக் குமிழ் கடைந்து தரச் சொல்லிக் கேட்கலாம். பிளாஸ்டிக் குமிழை மாற்றி அரக்கு நிறக் குமிழ் வைத்தாலே பெட்டியின் முகம் மாறிவிடும். மடக்கு நாற்காலி போன்ற இரும்புச் சாமானுக்குத் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, அதே நாளில் ரெட் ஆக்சைடு பூசிவிட வேண்டும். ஓர் இரவு தள்ளினாலும் துரு திரும்பத் தொடங்கும்.

பூசி முடித்த பின்

எனாமல் ஓர் இரவில் கையில் ஒட்டாத நிலைக்கு வந்துவிடும். ஆனால் உள்ளே இறுகுவதற்கு ஒரு வாரமாவது ஆகும். அந்த வாரத்தில் அதன் மேல் செய்தித்தாளை வைத்தால் எழுத்து அச்சாகப் பதியும், பூந்தொட்டியை வைத்தால் வளையம் நிற்கும், குடத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிரஷை டர்பன்டைனில் அலசி, பிறகு சோப்பு நீரில் கழுவி, மயிர் வளையாதபடி தொங்கவிடுங்கள். மிஞ்சிய எனாமலின் மூடியைச் சுத்தியலால் சுற்றிலும் தட்டி இறுக்கி, டப்பாவின் மேல் பூசிய தேதியையும் பொருளின் பெயரையும் எழுதி வையுங்கள், முக்காலியின் காலில் எப்போதாவது ஒரு கீறல் விழுந்தால் அதே நிறத்தைத் தேடிக் கடைக்கு அலைய வேண்டியிருக்காது.